இரண்டாம் கட்டம்

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதுகிறேன். வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது, சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே ஊரார் மூக்கில் கண்ணாடி மாட்டுகிறீர்களே, ஒரு ஸ்டூல் போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டீர்களா? அண்ணன் பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

இங்கே குடியிருப்பில் போன் பேச வேண்டுமென்றால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். உங்கள் வீட்டிலோ உங்களிடம் பேசினால் அண்ணனிடமும் பேசியதாக ஆகிவிடும். அதனால் நம் பேச்சு கடிதத்திலேயே இருக்கட்டும்.

நாற்பது வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடுவது உலகத்தில் நம் வீடு மட்டும்தான். இங்கே நான் ‘மேடம்’. அதை இவர்கள் சொல்லும் விதம், வாசலில் வந்து நிற்கும் விற்பனைக்காரியைத் திருப்பி அனுப்புகிற மாதிரி இருக்கிறது. தப்புச் செய்து கோர்ட் அனுப்பிய பையன்களை வைத்திருக்கிற இல்லம் இது. அடிக்காமல், அடைத்துப் போடாமல் அவர்களை நடத்துவது எப்படி என்று இங்கிருக்கும் காப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் துறை என்னை ஒரு வருடத்துக்கு அனுப்பியிருக்கிறது. மொத்தம் ஏழு இல்லங்கள். இது முதல் கட்டம். இங்கே சரிப்பட்டு வந்தால் மற்ற ஆறும் இரண்டாம் கட்டம்.

முதல் வகுப்பைச் சாப்பாட்டுக் கூடத்தில் நடத்தினேன். தரையோடு திருகிப் பூட்டிய பெஞ்சுகள், பினாயில் வாசனை. ஒரு பையன் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் “ஆறாம் ரூம்” என்றார்கள். போய்ப் பார்த்தேன். கிடங்குக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு சிமெண்டுத் திட்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்து பேசியபோது என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. போவதற்குள் அந்த அறையை ஒழித்துக்கட்டிவிட்டுத்தான் போவேன்.

தலைமைக் காப்பாளரை எல்லோரும் மேஸ்திரி என்கிறார்கள். கட்டட வேலைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, குரல்தான் அப்படி. வகுப்பு முடிந்ததும் வந்து, “மேடம், நீங்க ஒரு வருஷம் இருப்பீங்க. நாங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் இங்கதான் கிடக்கணும். அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

என் மருமகப்பிள்ளை என்ன செய்கிறான்? மீசை வந்துவிட்டதாமே. அத்தைக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பாப்பா


ஜூன் 28

அன்புள்ள பாப்பா,

உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே மூவரும் சுகம். முழங்கால் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அப்படியே. ஸ்டூல் கேட்டேன். வாங்கி வந்த முதலாளி அதில் தானே உட்கார்ந்துகொண்டார்.

உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன், வேண்டியதை மட்டும். “இவளுக்கு எதுக்கு இந்த வம்பு? ஃபைல்ல கையெழுத்தப் போட்டமா, வீட்டுக்கு வந்தமான்னு இருக்க வேண்டியதுதானே” என்றார். மறுநாள் பஸ் டிப்போவில் மற்ற டிரைவர்களிடம், என் தங்கச்சி ஜெயில் ஆட்களுக்கே பாடம் எடுக்கிறாள் என்று பீற்றியிருக்கிறார். ஜெயில் இல்லை, இல்லம் என்று நீ திருத்துவாய். அதை நீயே அவரிடம் சொல்லிக்கொள்.

உன் மருமகப்பிள்ளை என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டான். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறான். அவனைவிட மூன்று நான்கு வயது பெரிய பையன்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு என்றால் இப்போது ‘ம்’ மட்டும்தான், அதுவும் என் வழியாக. வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்று இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தொட்டி மேல் ஏறித் தொலைக்காதே.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம்தான், கழுத்து வலியைத் தவிர. எல்லோரும் சௌக்கியமா?

மண்டையைப் பிய்த்துக்கொள்கிறேன். பயிற்சிக்கு யாரை அனுப்புகிறார்கள் தெரியுமா? அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர்களை. பையன்களோடு நாள் முழுக்க இருக்கும் காப்பாளர்களை அனுப்பச் சொன்னால், “அவங்க இங்க வந்து உக்காந்தா அங்க யாரு பாப்பாங்க?” என்கிறார்கள். அதுவும் நியாயம்தான், ஆள் கிடையாது. வந்து உட்காருகிறவர்களில் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார். அந்தத் திறமையை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

போன வாரம் அவர்களையே பையன்களாக நடிக்கச் சொன்னேன். சமையல்கார அம்மா சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பையனாக நடித்தார். மேஸ்திரி வழக்கம்போல அதட்டினார். அந்த அம்மா நடிப்பை மறந்து நிஜமாகவே அழுதுவிட்டார். “இதெல்லாம் படிச்சவங்க விளையாட்டு” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வெளியே போனார். அன்று முழுக்க அவர் அதட்டும் சத்தம் கேட்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

இங்கே ஒரு பையனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து வாய் ஓயாது. எனக்கு இங்கே பிடித்த சத்தம் அதுதான். மேஸ்திரிகூட அவனை “அணைச்சுத் தொலைடா” என்பார், ஆனால் அவன் பேசும்போது பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

ஒரு நல்ல செய்தி. ஆறாம் அறையில் பழைய மெத்தைகளை அடுக்கிவிட்டோம், இனி அது கிடங்கு. மூன்று மாதம் இப்படியே ஓடிவிட்டால் மற்ற ஆறு இல்லங்களுக்கும் உடனே ஆணை போடுவதாகத் துறை இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

மருமகப்பிள்ளை எனக்கு இன்னும் எழுதவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்களை ஒரு நாள் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள் அண்ணி. வாசலோடு நிற்பவர்களை நினைத்தால்தான் பயம்.

அன்புள்ள,
பாப்பா


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். ஆனால் நீங்கள் நலமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு வாரமாக ஒரு வரி இல்லை. போன ஞாயிறு தொட்டி மேல் ஏறிப் போன் செய்தேன். அண்ணன் எடுத்து, “எல்லாரும் நல்லா இருக்கோம், வெச்சிடறேன்” என்று வைத்துவிட்டார். நான் அவரிடம் என்ன கடனா கேட்டேன்?

முழங்காலுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? மறைக்காமல் எழுதுங்கள்.

கவலையுடன்,
பாப்பா


செப்டம்பர் 20

அன்புள்ள பாப்பா,

கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம், வீட்டிலும் கொஞ்சம் அலைச்சல். உன் கழுத்து வலி தேவலையா?

உன் மருமகப்பிள்ளையை விடுதியில் சேர்த்திருக்கிறோம். அதனால்தான் எழுதவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கடைக்கு வரும் ஓர் அம்மாவின் பையனை இந்த ஊர்ப் பாலத்தடியில் இருக்கும் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் துறைதானே அது? ஆறு மாதம் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்களாம். யாரோ கடையை உடைத்தார்கள், இவன் வெளியே வண்டியோடு நின்றிருக்கிறான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் வாரத்தில் உள்ளே என்ன செய்வார்கள்? பார்க்கப் போனால் வெளியில் செய்த சாப்பாடு கொடுக்க விடுவார்களா? பையன் கண்ணாடி போட்டவன். பவர் அதிகம், அது இல்லாவிட்டால் எதிரில் நிற்கிற ஆளைத் தெரியாது. கண்ணாடியை வாங்கி வைத்துக்கொள்வார்களா?

உனக்கு நேரம் இருக்கும்போது எழுது. அவசரமில்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

அண்ணி


செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. கழுத்து தேவலை.

மருமகப்பிள்ளையை விடுதியில் சேர்த்தது ரொம்ப நல்ல காரியம். மோட்டார் சைக்கிள் தொல்லையும் விட்டது. விடுதி முகவரியை அனுப்புங்கள்.

அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: முதல் வாரம் டாக்டர் பார்ப்பார், ஓர் அலுவலர் உட்கார்ந்து பேசுவார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். வெளிச் சாப்பாடு கூடாது, பழம் கொடுக்கலாம். கண்ணாடியை வாங்கவே கூடாது, பிளாஸ்டிக் லென்ஸாக இருந்தால் போதும். நீங்களே நல்லதாக ஒன்று போட்டுக் கொடுத்துவிடுங்களேன். இன்னொன்று சொல்கிறேன், அவரிடம் சொல்ல வேண்டாம். இங்கே வரும் பெற்றோரில் பாதிப் பேர், பையன் உள்ளே வந்த பிறகுதான் வீட்டில் ஒரு பையன் இருந்தான் என்பதையே கண்டுபிடிக்கிறார்கள். முன்னாலேயே கவனித்திருந்தால் எனக்கு இங்கே வேலையே இருந்திருக்காது.

இயக்குநர் கூப்பிட்டுப் பேசினார். இந்த வருடம் மற்ற ஆறு இல்லங்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியாதாம். இரண்டாம் கட்டத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவதற்கு நானும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், இந்த இல்லத்துக்கு மூன்று காப்பாளர்களைக் கூடுதலாகத் தருவார்களாம். இரண்டு நாள் யோசித்தேன். ஆள் இல்லாமல் இங்கேயும் எல்லாம் கெட்டுப்போவதற்கு, ஓர் இடமாவது உருப்படட்டும் என்று போட்டுவிட்டேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள,
பாப்பா


நவம்பர் 8

பாப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நீ எழுதியதை அந்த அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பையன் காப்பாளரை எதிர்த்துப் பேசினான் என்று மூன்று நாள் தனி அறையில் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றி ஆபீசில் வைத்துக்கொண்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பார்த்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை. பழத்தை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உன்னிடம் இருக்கும் பையன்களுக்கு அந்த அறை இல்லை. இங்கே மட்டும் ஏன் இருக்கிறது? அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

அண்ணி


நவம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். மூன்று நாள் அடைப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை. அந்த அம்மாவை எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். பையனின் பெயரை எனக்கு அனுப்புங்கள். பாலத்தடி இல்லக் கண்காணிப்பாளரோடு நேரிலேயே பேசுகிறேன்.

ஆனால் நான் எந்த முகத்தோடு அவரிடம் பேசுவேன்? போன வாரம் தலைமையகத்தில் கூட்டம். எங்கள் இல்லத்தைப் பாராட்டி ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள். பேனாவோடு திரும்பி வந்தால் மெத்தைகளெல்லாம் தாழ்வாரத்தில் கிடக்கின்றன. ரேடியோ சாப்பாட்டுத் தட்டை வீசினானாம், ஒரு காப்பாளருக்கு நெற்றியில் பட்டதாம். மெத்தைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அவனை உள்ளே போட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்யச் சொன்னது மேஸ்திரி. ஆறு மாதப் பயிற்சியை ஒரே மத்தியானத்தில் துடைத்துப் போட்டுவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது.

ரேடியோ வெளியே வந்த பிறகு பேசுவதே இல்லை. கேட்டதற்குத் தலையாட்டுகிறான், அவ்வளவுதான்.

இங்கேயே இப்படி என்றால் பயிற்சி வாசனையே படாத இடத்தில் கேட்கவா வேண்டும்? பெயரை மறக்காமல் அனுப்புங்கள்.

பாப்பா


நவம்பர் 24

பாப்பா,

பெயர் கேட்டாய். உனக்குத் தெரிந்த பெயர்தான். அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவனைக் கையில் வாங்கி நீ வைத்த பெயர்.

கடைக்கு வந்த அம்மா என்று யாரும் இல்லை, அது நான்தான். ஆகஸ்ட் முதல் வாரம் போலீஸ் வந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் செல்போன் கடையை உடைத்தார்கள். இவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். அவர்கள் ஓடிவிட்டார்கள், இவனுக்கு ஓடத் தெரியவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அண்ணன் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். “அவ டிபார்ட்மெண்ட்ல தலை நிமிந்து நடக்குறவ. அவ தலையும் சேந்து குனியணுமா?” என்றார். இன்றுவரை அவர் ஒரு ஞாயிறுகூட அவனைப் பார்க்கப் போகவில்லை.

வீட்டில் ஒரு பையன் இருந்தான் என்பது எங்களுக்கு முன்னாலேயே தெரியும், பாப்பா. நீ எழுதிய அந்த வரியைப் படித்த பிறகு ஒரு மாதம் என்னால் பேனாவைத் தொட முடியவில்லை.

நடந்தது நடந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவனை உன் இல்லத்துக்கு மாற்றிக்கொள். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அண்ணி


டிசம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் ஊரிலிருந்து இல்லத்துக்குத் திரும்பிவிட்டேன். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை, கண்ணால் பார்த்துவிட்டுத்தானே வந்தேன். அங்கே இருந்த இரண்டு நாளும் நான் சரியாகப் பேசவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அந்த வரிக்கு மன்னிப்புக் கேட்டால்கூட அது இன்னொரு வரியாகத்தான் இருக்கும். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உங்களிடம் வருவதற்கு முன்னால் தலைமையகத்துக்குப் போய் இயக்குநரைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். பிறகு, “உங்க இல்லத்துக்கே மாத்திடலாம் மேடம். ஒரு வாரத்துல முடிச்சுத் தர்றேன். இது நமக்குள்ள இருக்கட்டும். இரண்டாம் கட்டம், அது இதுன்னு இப்ப கிளப்ப வேண்டாம்” என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன் அண்ணி. அவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகு நான் உள்ளே போனேன். அதிகாரி அட்டையைக் காட்டவில்லை, அத்தை என்று வரிசையில் நின்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தோள் மட்டும் பெரிதாகியிருக்கிறது, முகம் சின்னதாகிவிட்டது. அந்த மூன்று நாளைப் பற்றிக் கேட்டேன். “கண்ணாடி இருந்தா சுவத்தையாவது பாத்திருக்கலாம்” என்றான். மாற்றல் பற்றிக் கேட்டதும் வேகமாகத் தலையாட்டினான்.

“வேண்டாம் அத்தை. அங்க எல்லாருக்கும் நீங்க மேடம். நான் வந்தா மேடத்தோட ஆளு. ஒருத்தனும் எங்கூடப் பேச மாட்டான். இங்க பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இருக்கான், நல்லவன். இன்னும் ரெண்டு மாசம்தானே.”

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்பா இன்னும் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டான். நேரமாகிவிட்டது என்று எழுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்து இயக்குநருக்கு எழுதிவிட்டேன். மாற்றல் வேண்டாம், செப்டம்பரில் நான் போட்ட ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், ஆறு இல்லங்களிலும் தனி அறையை இப்போதே நிறுத்துங்கள், என்னைப் பாலத்தடி இல்லத்துக்கே பயிற்சி கொடுக்க அனுப்புங்கள் என்று. பதில் நாலே நாளில் வந்தது. இந்தத் துறையில் நான் பார்த்த மிக வேகமான பதில் அதுதான். எனக்கு இதில் சொந்த விருப்பு இருக்கிறதாம், அதனால் இனி நான் இந்தப் பணியில் இருப்பது முறையில்லையாம். ஜனவரி முதல் தலைமையகத்தில் கோப்புப் பிரிவு. மூன்று காப்பாளர்களையும் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

உள்ளே எனக்கென்று யாருமில்லாதபோது கேட்டால், இப்போது என்ன அவசரம் என்றார்கள். என் வீட்டுப் பிள்ளை உள்ளே இருக்கிறான் என்று கேட்டால், அதனால்தான் கேட்கிறாய் என்கிறார்கள். எப்போது கேட்டால்தான் அது கேள்வி?

பாப்பா


ஜனவரி 5

பாப்பாவுக்கு,

இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

அவன் பதினாறு வயதுப் பிள்ளை. வேண்டாம் என்று ஏதோ சொன்னான் என்றால் நீ கேட்டுக்கொள்வதா? ஊசி போடும்போதும்தான் வேண்டாம் என்று அழுதான், பிடித்துக்கொண்டு போடவில்லையா? கிடைத்ததை வாங்கிக்கொண்டிருந்தால் இந்நேரம் அவன் உன் கண் முன்னால் இருந்திருப்பான். உன் நியாயம் பெரியதாக இருக்கலாம். எனக்கு இருப்பது ஒரு பிள்ளை.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிடுகிறேன், திட்டுவதென்றால் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பை நினைத்துத்தான் கவலை.

இப்போது என் மேசைக்கு எதிரில் சைக்கிள் நிறுத்துமிடம் தெரிகிறது. கோப்புகளுக்கு எண் போடுகிறேன். கீழே கையெழுத்து என்னுடையது இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

போன மாதம் இரண்டாம் வாரத்தில் மேஸ்திரி வந்தார். பொட்டலம் கட்டியது மாதிரி இஸ்திரி போட்ட சட்டை. முதல் கட்டத்தின் வெற்றியை வெளியில் காட்ட வேண்டுமென்று, பாலத்தடி இல்லத்தில் பத்து நாள் ‘அனுபவப் பகிர்வு’க்கு ஓர் ஆளைத் துறை கேட்டிருக்கிறது. யாரும் கை தூக்கவில்லை. இவர் தூக்கியிருக்கிறார்.

நம்ப முடியாமல் ஏன் என்று கேட்டேன். ரொம்ப நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரேடியோ இன்னும் பேசல மேடம். நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். அந்தச் சத்தம் இல்லாம என்னால அங்க நிக்க முடியல. நீங்க சொல்லிக் குடுத்ததுல பாதி எனக்குப் பிடிக்கல. மிச்சத்தப் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.”

நம் பையன் அங்கே இருக்கிறான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் சொந்த விருப்பாகிவிடும்.

பத்து நாள் முடிந்து திரும்பிவிட்டார். நிறையப் பேர் சிரித்தார்களாம், இரண்டு பேர் கேட்டார்களாம். அந்த அறை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இனி ஒரு மணி நேரத்துக்கு மேல் வைப்பதென்றால் கண்காணிப்பாளர் கையெழுத்து வேண்டும், கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்ற வரைக்கும் பேசி வாங்கியிருக்கிறார். ஏழு மாதம் தொண்டை வற்றக் கத்தியதற்கு ஒரு கண்ணாடியும் ஒரு மணி நேரமும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. துறை இதைப் பெரிய வெற்றி என்று அறிக்கை போட்டிருக்கிறது. அந்த அறிக்கைக்கும் நான்தான் எண் போட்டேன்.

இந்த மாதம் அவன் வெளியே வருகிறான். நான் வரலாமா கூடாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாப்பா


மார்ச் 1

தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான் கடிதம் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். உன் அண்ணிக்கு முழங்கால் பரவாயில்லை. அவள் கோபமும் பாதி இறங்கியிருக்கிறது. மீதியை நேரில்தான் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

அவன் போன செவ்வாய்க்கிழமை வந்துவிட்டான். அன்று லீவு போடச் சொல்லி உன் அண்ணி கெஞ்சினாள். போடவில்லை. வாசலில் போய் நின்று அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகஸ்டிலிருந்து என் வண்டி பாலத்து வழிதான் போகிறது. நானே டிப்போவில் கேட்டு வாங்கிய ரூட். இதை உன் அண்ணியிடம்கூட நான் சொன்னதில்லை. தினமும் நாலு தடவை அந்த மதிலைத் தாண்டிப் போவேன்.

அன்று மத்தியானம் பாலத்து ஸ்டாப்பில் இரண்டு பேரும் நின்றார்கள். எந்த வண்டி வருகிறது என்று அவள் பார்க்கவில்லை, ஏறிவிட்டாள். அவன் படியில் கால் வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தான். பார்த்ததும் கூட்டத்தோடு பின்னால் நகர்ந்துவிட்டான். வண்டியை எடுக்காமல் நின்றேன். கண்டக்டர் இரண்டு தடவை விசில் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “டேய், முன்னாடி வந்து உக்காரு” என்றேன். அவ்வளவுதான் பேசினேன். வந்து என் பின்னால் உட்கார்ந்தான். டிப்போ வரைக்கும் இறங்கவில்லை. வீடு தாண்டிப் போய்விட்டது, அவளும் உட்கார்ந்தே இருந்தாள்.

இப்போது சாப்பிடுகிறான், தூங்குகிறான். மறுபடி பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லியிருக்கிறான். நீ கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும், இது உன் வேலை சம்பந்தப்பட்டது. வந்த மறுநாள் குளிக்கப் போனவன் கதவைத் தாழ்ப்பாள் போட்டான், போட்ட நிமிடமே சோப்பும் நுரையுமாக வெளியே ஓடி வந்துவிட்டான். ஒன்றுமில்லை என்றான். சாயங்காலம் ஸ்குரூ டிரைவரை எடுத்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

அதனால் இப்போது நம் வீட்டில் ஒரு புது ஏற்பாடு. குளியலறையில் யார் இருந்தாலும் வெளியில் தெரியும்படி சத்தமாகப் பாட வேண்டும். உன் அண்ணி பாடினால் எதிர்வீட்டு ஜன்னலைச் சாத்துகிறார்கள். எனக்குப் பாட்டு வராது என்று உனக்குத் தெரியும், நான் ரூட்டில் இருக்கிற ஸ்டாப்புகளின் பெயரை வரிசையாகச் சொல்கிறேன். நேற்று ஒரு ஸ்டாப்பை விட்டுவிட்டேன், அவன் வெளியிலிருந்து சொல்லிக்கொடுத்தான்.

மற்ற ஐந்து இல்லங்களில் அந்த ஒரு மணி நேரக் கணக்குகூட இல்லையாமே. நீ விட்டுவிடாதே. வம்பு எதற்கு என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா. இரண்டு நாளாவது தங்கு. நீயும் பாடித்தான் ஆக வேண்டும்.

அண்ணன்